மகளின் முதல் கட்டுரை

மகளின் முதல் கட்டுரை காலையில் பத்திரிகையின் இணையதளத்தில் வந்துவிட்டது. சாயங்காலம் அவள் போன் பண்ணுவதற்குள் அப்பா அதை முழுக்கப் படித்துவிட வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும், அவர் காதால் படிப்பார்.

படிக்க விட்டால்தானே? கட்டுரையில் இரண்டு வரி போகும், அதற்குள் தொப்பை குறைய வழி சொல்வான் ஒருத்தன். இன்னும் ஒரு வரி, மெத்தைக்குத் தள்ளுபடி. நடுவில் ஒரு வீடியோ தானாகக் கத்த ஆரம்பித்து, கம்ப்யூட்டரின் குரலையே அமுக்கிவிடும். மூன்றாவது தடவையும் மெத்தையிலேயே போய் விழுந்தார் மனுஷன்.

தான் படித்துக் காட்டுவதாக மனைவி சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார். சின்ன வயதில் மகள்தான் தினமும் அவருக்குப் பேப்பர் வாசிப்பாள், விளம்பரத்தையெல்லாம் தாண்டித் தாண்டி. அவள் எழுதியதையாவது இன்னொருத்தர் வாய் வழியாக இல்லாமல் தானே படிக்க வேண்டும் என்று பிடிவாதம். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் அவருக்கு வேலையும் கிடைத்திருக்காது, இந்தப் பெண்டாட்டியும் கிடைத்திருக்க மாட்டாள்.

கம்ப்யூட்டரோடு வந்த பிரவுசரையே கட்டிக்கொண்டு அழாதீர்கள், வேறொன்று போட்டு விளம்பரத் தடுப்பானையும் சேருங்கள் என்று பக்கத்து சீட்டு ஆபரேட்டர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு ரோஷம் வந்துவிட்டது. முதலில் இறக்கிய பிரவுசரில் எந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை. "பட்டன், பட்டன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. தூக்கிப் போட்டார். இரண்டாவது ஒழுங்காகப் பேசியது. அதில் தடுப்பானைச் சேர்த்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தார்.

தலைப்பு வந்தது. மகளின் பெயர் வந்தது. அப்புறம் கட்டுரை, ஒரே மூச்சில். ரயில் நிலைய நடைமேம்பாலத்துக்கு லிஃப்ட் இல்லாததைப் பற்றி விளாசித் தள்ளியிருந்தாள். அவர் தினமும் ஏறி இறங்கும் பாலம். எவனும் குறுக்கே வரவில்லை. பெருமையில் நெஞ்சு நிறைந்துபோய் இன்னொரு தடவையும் கேட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. அம்மா படித்துக் காட்டினாளா, எப்படி இருக்கிறது என்று மகள் கேட்டாள்.

"நானேதாம்மா படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்க. ஆனா அந்தப் பாலத்துக்கு நாப்பத்தோரு படி இல்ல, நாப்பத்திரெண்டு."

மகள் சிரித்துவிட்டாள். எடிட்டர் கண்ணிலேயே படவில்லை, இப்போதே திருத்தச் சொல்கிறேன் என்றாள்.

போனை வைத்ததும் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலையிலேயே படித்துவிட்டாளாம்.

"நான் படிச்சுக் காட்டியிருந்தா நாப்பத்திரெண்டுன்னுதான் படிச்சிருப்பேன்," என்றாள். "அவ எழுதினதுல ஒரு குறையும் உங்க காதுல விழக் கூடாதுன்னு."

"தெரியும்," என்றார் அவர். "அதான் வேண்டாம்னேன்."