ஒரு நாளைக்கு நாற்பது பேர்

அக்கா ராஜினாமாக் கடிதத்தை எழுதி, தேதி மட்டும் போடாமல் கைப்பைக்குள் வைத்திருந்தாள். திங்கட்கிழமை கொடுப்பதாக ஏற்பாடு. பதினான்கு வருடம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கோப்பு புரட்டியவள், சனி ஞாயிறுகளில் வீட்டு கார் கொட்டகையில் பழைய சோபா, நாற்காலிகளுக்குப் புது மெத்தையும் உறையும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனி வாரம் முழுக்க அதுதான் வேலை. அந்தத் துணிச்சலை அவளுக்குக் கொடுத்தது ஓர் எண். அத்தான் செய்துகொடுத்த இணையதளத்துக்கு ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"நீ ஒரு தடவை பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிடுடா. எனக்கு அது போதும்," என்று சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டாள்.

ஒரு இணையதளம் தேடலில் மேலே வர என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. பல் டாக்டர், பூட்டு ரிப்பேர்காரர், நீச்சல் பள்ளி என்று யார் யாருக்கோ சொல்லியிருக்கிறேன். சொந்த அக்காவின் தளத்தை ஆறு மாதமாகச் சோதித்ததில்லை. அத்தான் ஆசையாகச் செய்தது, நான் மூக்கை நுழைத்தால் அவர் முகம் வாடிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் சோம்பல்.

கொட்டகையில் அக்கா ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, குறடு கொண்டு ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாதி உறை போட்ட சோபாவில் அம்மா சாய்ந்திருந்தாள். அத்தான் எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு, மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"கடைப் பேரைப் போட்டுப் பாரு மச்சான். முதல்ல நாமதான்."

"நான் காலையிலேயே பாத்துட்டேன்," என்றாள் அம்மா. "முதல்லதான் வந்துச்சு."

நான் டீயைக் கீழே வைத்தேன். "தினமும் பாக்கிறியாம்மா?"

"பின்ன? பல்லு விளக்கினதும் ஒரு தடவை. சாப்பிட்டா ஒரு தடவை. சாயங்காலம் பெரியம்மாவும் நானும் போன்ல பேசிக்கிட்டே பாப்போம். நாம பாத்தாதானே மேல வரும்!"

நான் துணி மாதிரிகள் ஒட்டிய அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அம்மா ஐந்து. பெரியம்மா ஐந்து. அவளுடைய இரண்டு மகள்கள் ஆளுக்கு மூன்று. சித்தப்பா மூன்று. அலுவலக இடைவேளைகளில் அக்கா எட்டு. அத்தான் கொஞ்சம் தயங்கி, "பன்னெண்டு இருக்கும்," என்றார்.

"அத்தான், இந்த எண் ஆளைக் காட்டறது இல்ல. எத்தனை தடவை திறந்தாங்கன்னு காட்டுது."

கூட்டிப் பார்த்தார். முப்பத்தொன்பது. நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்ப ஒருத்தர் வெளியாள்! யாரோ ஒருத்தர் தினமும் வர்றாங்க!"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். "அது நான்தான் அத்தான்," என்றேன். "தூங்கி எழுந்ததும் ஒரு தடவை. பாசத்துல."

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அந்தப் பல்லிக்கு என்னைவிட அதிகம் வெட்கம் இருந்திருக்காது.

அக்கா குறட்டைக் கீழே வைத்தாள். "அப்ப யாருமே வரலையாடா?"

"யாருமே வரலக்கா."

அவள் ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி குறட்டை எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. ஆறு மாதம் அவளை அந்த எண்ணை நம்ப விட்டவன் நான்தானே.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் சோதித்தேன். அத்தான் எல்லா விவரத்தையும் அழகாக எழுதி, தங்க நிற எழுத்தில் படம் படமாகச் செய்து ஒட்டியிருந்தார். மூன்று மாத உழைப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

"கூகுளுக்கு இதெல்லாம் வெறும் படம்தான் அத்தான். உள்ள என்ன எழுதியிருக்குன்னு சரியா புரியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு 'முகப்பு'ன்னே இருக்கு. அதனால கடைப் பேர் தெரிஞ்சவங்களுக்குத்தான் கடை தெரியுது."

"பேர் தெரிஞ்சவங்க எல்லாம் இங்கதான் உக்காந்திருக்கோம்," என்றாள் அக்கா.

அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எடுத்துடு மச்சான்," என்றார். "மேல இருக்கிற கடைப் பேர் படம் மட்டும் இருக்கட்டும். அது நல்லா வந்திருக்கு."

அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்து, மக்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்கள் என்ற கேள்வி. அத்தான் "அறைகலன் மறுசீரமைப்பு" என்று எழுதியிருந்தார். மெத்தை கிழிந்தவன் எவனும் அப்படிப் பேச மாட்டான். அக்காவின் போனை வாங்கி, தெரிந்தவர்கள் மூலம் வந்த பழைய வாடிக்கையாளர்களின் செய்திகளைப் படித்தேன். 'சோபாவை பூனை பிறாண்டிடுச்சு.' 'உக்காந்தா உள்ள போயிடுது.' 'அப்பா உக்காந்த சேர், தூக்கிப் போட மனசு வரல.' ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்று முடிவு செய்தோம். எப்படிச் சரிசெய்வாள், எத்தனை நாள் ஆகும், எதைச் சரிசெய்யவே முடியாது என்று அக்கா சொல்லச் சொல்ல, அத்தான் தட்டச்சு செய்தார். ஸ்பிரிங் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

எண் இனி தடவையை விட்டு ஆளைக் காட்டும்படி மாற்றினேன். கடைசியாக ஒரு சட்டம் போட்டேன். குடும்பத்தில் ஒருவரும் தளத்தைத் திறக்கக் கூடாது.

"அப்ப காலையில நான் என்னடா பண்றது?" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை எண் பூஜ்யம். செவ்வாய், பூஜ்யம். புதன்கிழமை ஒன்று. உடனே எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். "சத்தியமா நான் இல்ல. மாப்பிள்ளையைக் கேளுங்க," என்றாள். மாப்பிள்ளை டீத் தூளைத் தேடுவதுபோல எழுந்து போய்விட்டார். பிறகு இரண்டு வாரம் பூஜ்யத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. கடிதம் கைப்பையிலேயே கிடந்து ஓரம் நைந்தது. அக்கா வழக்கம்போல அலுவலகம் போய் வந்தாள்.

மூன்றாம் வாரக் கடைசியில் மறுபடி ஒன்று. விசாரணை வைத்தேன். எல்லோரும் கையை விரித்தார்கள். 'பூனை கிழித்த சோபா என்ன செய்வது' என்று தேடி வந்திருந்தார் அந்த ஆள். அக்காவின் அலுவலகத்துக்கே போன் போட்டேன்.

"வெளியாளா?"

"வெளியாள்க்கா."

"நல்லாப் பாத்தியா? வெளியாளா?" மூன்று முறை கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து அந்த ஆள் சோபாவோடு வந்து நின்றார். "பூனையை என்ன பண்றதுன்னும் ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்," என்றார்.

எட்டாவது வாரத்தில் ஒரு நாளைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். கொட்டகையில் நான்கு சோபாக்கள் வரிசையில் நின்றதில் அத்தானின் சைக்கிள் மழையில் நனைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா கடிதத்தை எடுத்து, நீவி, தேதி போட்டாள்.

"நாப்பதுக்குக் கொடுக்கப் பாத்தே, சரி. பதினொண்ணுக்குக் கொடுக்கிறியே?" என்றார் அத்தான், கொஞ்சம் பயந்துபோய்.

"அந்த நாப்பதும் என்மேல இருக்கிற பாசம். இந்தப் பதினோரு பேருக்குச் சோபா கிழிஞ்சிருக்கு," என்றாள் அக்கா.

அம்மா மெல்லக் கேட்டாள். "அப்ப இனிமே நான் பாக்கலாமா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா," என்றேன் நான், கறாராக.

திங்கட்கிழமை அக்கா கடிதத்தைக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் அன்றைய எண்ணைப் பார்த்தேன். பன்னிரண்டு. அதில் ஒருவர் காலை ஆறே முக்காலுக்கு, கடைப் பெயரையே போட்டுத் தேடி வந்திருந்தார். அம்மா பல் விளக்கி முடிக்கிற நேரம். நான் விசாரணை எதுவும் வைக்கவில்லை.