வெர்னா பெயர் குத்தாத துப்பாக்கி

வியாழக்கிழமை மத்தியானம், சாண்ட்விச்சின் கடைசி வாயை மென்றுகொண்டே, வெர்னா ஸ்கார் அந்தத் துப்பாக்கியை அதன் மரக்கட்டையிலிருந்து கழற்றப் பார்த்தாள். திருகுகள் இரண்டும் வெளியே வந்துவிட்டன. எஃகு மட்டும் வரவில்லை. ரப்பர் சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். பிறகு செல்லமில்லாமல் ஒன்று போட்டாள். அது அசைந்து கொடுப்பதாக இல்லை.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மெழுகு டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தூரக் குறிக்குச் செய்யும் துப்பாக்கி என்றால், எஃகு உடல் மரக்கட்டைக்குள் ஒரு மயிரிழைகூட ஆடக் கூடாது. அதற்காகக் கட்டைக்குள் எபாக்சி பசையை வார்த்து, அது இறுகுவதற்குள் எஃகை அதில் உட்கார வைப்பார்கள். ஈரச் சேற்றில் பதிந்த கால்போல, பசையில் எஃகின் அச்சு விழுந்துவிடும். ஆனால் முதலில் எஃகுக்கு மெழுகு பூச வேண்டும். பூசினால்தான் மறுநாள் அது பசையை விட்டுக் கழன்று வரும். மறந்தால் எஃகும் மரமும் ஒட்டியது ஒட்டியதுதான். மொன்டானாவில் துப்பாக்கி செய்கிறவர்கள் சேர்ந்து பியர் குடிக்கும்போதெல்லாம் மெழுகை மறந்த எவனாவது ஒருவனின் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். வெர்னாவும் இருபது வருஷமாகச் சிரித்திருக்கிறாள்.

எப்படி மறந்தாள் என்று இப்போது நன்றாகவே ஞாபகம் வந்தது. முந்தின நாள் மெழுகு டப்பாவைத் திறந்து, துணியை எடுத்த நேரத்தில் லவோன் போன் செய்தாள். லவோனின் புருஷன் ஓரின் அன்று காலை யார் உதவியும் இல்லாமல் சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் இடது கையாலேயே போட்டுக்கொண்டாராம். இரண்டு பெண்களும் போனில் கொஞ்சம் சிரித்தார்கள், கொஞ்சம் அழுதார்கள். திரும்பி வந்து பார்த்தால் டப்பா திறந்திருந்தது, அதன்மேல் துணியும் கிடந்தது. பூசியாயிற்று என்று நினைத்துப் பசையை வார்த்துவிட்டாள்.

வேறு யாருடைய துப்பாக்கியாக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு புதுக் கட்டை செய்து கொடுத்திருப்பாள். இது ஓரினுடையது.

வெர்னா லூயிஸ்டவுனில் பட்டறை திறந்தபோது லேத் இருந்தது, கைவேலை இருந்தது, வாடிக்கைதான் இல்லை. பொம்பளை கடைந்த குழலில் குண்டு எந்தப் பக்கம் போகுமோ என்று ஊரில் கேலி பேசினார்கள். ஆயிரம் கஜப் போட்டியில் கோப்பை வாங்குகிற ஓரின் ஒரு நாள் புதுக் குழலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "சனிக்கிழமை வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் போட்டியில் ஜெயித்தார். கோப்பையைக் கையில் கொடுத்ததும், "இதைச் செஞ்சது வெர்னா ஸ்கார். பேரைக் கேட்டுக்கோங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினார். அடுத்த வாரம் பட்டறை வாசலில் வண்டிகள் நின்றன. இன்றைக்கு அவள் சாப்பிடும் சாப்பாட்டில் அந்தக் கத்தலுக்கும் பங்கு உண்டு, அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

போன குளிர்காலத்தில் ஓரினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. காலுக்குப் பாதி பலம் திரும்பியது. கைக்கு உணர்ச்சி திரும்பவில்லை. வசந்தத்தில், விதி கிண்டல் பண்ணுவதுபோல, பெருங்கொம்பு மலையாட்டை வேட்டையாட அரசு கொடுக்கும் அனுமதிச் சீட்டுக் குலுக்கலில் அவர் பெயர் விழுந்தது. மிசௌரி ஆற்றுப் பள்ளங்களில் ஒரே ஒரு கடா. ஆயுசு முழுக்க எழுதிப் போட்டும் கிடைக்காமல் செத்தவர்கள் அந்த ஊரில் ஏராளம்.

ஓரின் உடனே குதித்துவிடவில்லை. துப்பாக்கி கிளப்பில் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். "லவோன் பை பலகாரம் செய்யற தகரத் தட்டை நானூறு கஜத்துல தொங்க விடுங்க. மூணு குண்டு. மூணும் தட்டுல படணும். ஒண்ணு தப்பினாலும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துடுவேன். ஒரு மிருகத்தைக் காயப்படுத்தி ஓட விட்டுட்டு என்னால சாப்பிட முடியாது."

தட்டில் பட முடியாத தூரத்தில் மிருகத்தைச் சுடாதே என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள சட்டம். ஓரின் அதைத் தனக்கே போட்டுக்கொண்டார். நாள் வருகிற சனிக்கிழமை.

கோடை முழுவதும் வெர்னா இந்தத் துப்பாக்கியைத்தான் செய்தாள். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் இடது கைக்காரருக்கானது. உணர்ச்சியில்லாத கையால், கட்டையின் பின்பக்கத்தைத் தாங்கும் மணல் பையைப் பிசைந்து உயரம் சரிசெய்ய முடியாது என்பதால், கட்டையின் அடியைச் சரிவாகச் செதுக்கினாள். பையை முன்னும் பின்னும் தள்ளினாலே போதும், குழல் ஏறி இறங்கும். மரம் ஓரினுடையது. நல்ல காரியம் வரட்டும் என்று வருஷக்கணக்கில் கட்டிலுக்கடியில் காய வைத்திருந்த வால்நட் பலகை. தேனில் புகை கலந்த மாதிரி ரேகைகள். அந்தக் கட்டைக்குள் இப்போது எஃகு நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. விசையை இன்னும் மாட்டவில்லை. அதை மாட்டும் இரண்டு சின்ன ஆணிகளும் பக்கவாட்டில் போக வேண்டும், அந்த இடத்தை மரம் மூடியிருந்தது. ஆக, விசையில்லாத துப்பாக்கி. விறகு வெட்டக்கூட உதவாது.

எஃகில் சூட்டுக்கோல் வைத்துப் பார்த்தாள். பசை இளகுவதற்கு முன்னால் மரம் கருகும் வாசனை வந்தது. பயந்து நிறுத்தினாள். இனி ஒரே வழி குளிர். எஃகு சுருங்கும்போது பசை விட்டுவிட வாய்ப்புண்டு. அதற்கு ஆள் நீளத்துக்கு ஃப்ரீசர் வேண்டும். அவளுக்குத் தெரிந்து அப்படி ஒன்று ஓரின் வீட்டில்தான் இருந்தது.

ஒளித்து என்ன பிரயோஜனம்? துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு போய், சமையலறை மேசைமேல் வைத்தாள்.

"ஓரின், உங்க துப்பாக்கியைக் கெடுத்துட்டேன். மெழுகு பூசாம ஒட்டிட்டேன்."

ஓரின் பார்த்தார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"லவோன்! இங்க வா! வெர்னா மெழுகை மறந்துட்டாளாம்! ஐயோ, இதைக் கேக்கத்தான் நான் பொழைச்சேன் போல!"

"சிரிக்காதீங்க. எனக்கு அழுகையா வருது."

"பாதி வாய்தானே சிரிக்குது. பொறுத்துக்கோ."

லவோன் மானிறைச்சிப் பொட்டலங்களையும் உறைந்த பட்டாணியையும் வெளியே எடுத்து இடம் பண்ணினாள். துப்பாக்கி ராத்திரி முழுக்க அங்கே கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை வெர்னா வந்து, வெள்ளையாகப் பனி பூத்திருந்த எஃகைச் சுத்தியலால் தட்டினாள். வரவில்லை. இன்னும் தட்டினாள். பட்டாணிதான் வீணாக இளகியது.

"இன்னொரு வழி இருக்கு. ஆனா சொல்ல வாய் வரலை," என்றாள்.

"நானே சொல்றேன். ஓட்டை போடு."

போட்டிக்கென்றே துப்பாக்கி செய்கிறவர்களில் சிலர் வேண்டுமென்றே எஃகைக் கட்டையோடு ஒட்டிவிடுவார்கள். பிறகு விசையின் ஆணிகள் போகக் கட்டையின் பக்கத்தில் இரண்டு துளை போடுவார்கள். வெர்னாவே பலருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் பிளாஸ்டிக் கட்டைகள்.

"இந்த மரத்துலயா? எப்படிங்க மனசு வரும்? அதோட, வேட்டைத் துப்பாக்கியை இப்படி ஒட்டக் கூடாது. மழையில நனைஞ்சா கழட்டித் துடைக்கணும். இதை உங்க வாழ்நாள்ல கழட்டவே முடியாது."

ஓரின் இடது கையால் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"வெர்னா, எனக்கு இன்னும் எத்தனை வேட்டை இருக்குன்னு நினைக்கிற? ஒண்ணு. அதுவும் நாளைக்குத் தட்டுல பட்டாதான். அந்த ஒண்ணுக்கு அப்புறம் யாரு இதைக் கழட்டப் போறா?"

லவோன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போ, தாயே. டிரில்லை எடு. எனக்கு நாளைக்கு வேலை இருக்கு."

அன்று மத்தியானம் வெர்னா துளைகளைப் போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டர்போல. வால்நட் தூள் சுருள் சுருளாக வந்தது. விசை சரியாகவே உட்கார்ந்தது. ஒரு வேலை முடிந்ததும் குழலின் அடியில் எழுத்து அச்சுகளை வைத்துத் தன் பெயரைக் குத்துவது அவள் வழக்கம். அச்சுப் பெட்டியைத் திறந்தாள், அந்த இரண்டு துளைகளையும் பார்த்தாள், பெட்டியை மூடிவிட்டாள்.

சனிக்கிழமை காலை கிளப் மைதானத்தில் கூட்டம். மில்ட் யாரோஷ் தரையில் நிற்கும் பெரிய தொலைநோக்கியின் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டான். அவனும் ஓரினும் காலங்காலமாக ஒருவரையொருவர் தோற்கடித்து வந்தவர்கள்.

"என்ன ஓரின், துப்பாக்கியை ஒட்டியே கொண்டுவந்துட்டியாமே? யாரும் திருடிடுவாங்கன்னு பயமா?"

"உன் வாயை ஒட்டத்தான் கேட்டேன். பசை பத்தலைன்னுட்டா."

கொஞ்ச நேரம் நாலைந்து குண்டு போட்டு, துப்பாக்கி மேலிருந்த தொலைநோக்கியைச் சரிசெய்தார்கள். பிறகு நானூறு கஜத்தில் லவோனின் தகரத் தட்டு தொங்கியது. சுடுகிறவர் மேசையில் குனிந்துவிட்டால் பேசக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம். கூட்டம் அடங்கியது.

முதல் குண்டு. ஒரு கணம் கழித்துத் தகரச் சத்தம் வந்தது. மில்ட் கட்டைவிரலை உயர்த்தினான். இரண்டாவது. மறுபடியும் அதே சத்தம்.

மூன்றாவதற்கு ஓரின் கன்னத்தைக் கட்டையில் வைத்தபோது, அவருடைய வலது கை மணல் பையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கைக்குத்தான் உணர்ச்சியே இல்லையே! வெர்னா பார்த்துவிட்டாள். கைத் தாங்கல் இல்லாவிட்டால் பின்பக்கம் புரளும், குண்டு தட்டைத் தாண்டிப் போகும். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் இந்தச் சோதனை சோதனையாக இருக்காது. ஓரினே சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். நகம் உள்ளங்கையில் பதியக் கையை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் விரல் விசைக்குப் போனது.

அங்கேயே நின்றது.

தொலைநோக்கிக்குள் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். விரலை எடுத்தார், போல்ட்டைத் திறந்தார், தலையைத் தூக்கிக் கீழே பார்த்தார். தூங்கும் பூனையைத் தூக்குவதுபோல இடது கையால் வலது கையைத் தூக்கிப் பையின்மேல் வைத்தார். மறுபடியும் குனிந்தார். காற்றின் வேகம் காட்டும் கொடி தாழும்வரை காத்திருந்தார்.

தகரம் ஒலித்தது.

மில்ட் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஓரத்துல..." என்று இழுத்தான். கூட்டத்துக்கு உயிர் போய் வந்தது. "உள்ளதான்! உள்ளதான் கிழவா! போய்ச் சுடு உன் ஆட்டை!"

லவோன் வெர்னாவைக் கட்டிக்கொண்டு, "என் தட்டு போச்சு" என்று சொல்லி அழுதாள்.

வேட்டைக்கு மில்ட்தான் கூடப் போனான். ஒரே குண்டு, கடா நின்ற இடத்திலேயே விழுந்தது என்று மலையிலிருந்து இறங்கியதும் போன் செய்தான். ஓரின் அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாராம், நகரவே மாட்டேன் என்றாராம்.

முதல் பனி விழுந்த பிறகு ஓரினும் லவோனும் பட்டறைக்கு வந்தார்கள். லவோன் கையில் அதே தகரத் தட்டு, அதில் ஹக்கிள்பெரிப் பழம் போட்ட பை பலகாரம். "அடியில மூணு ஓட்டை. ஃபாயில் போட்டு அடைச்சிருக்கேன். ஒழுகினா இவரைத் திட்டு." ஓரின் ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஆட்டின் முதுகுக் கறி. இடது கையால் தானே அறுத்தது, ஒரு துண்டு விரல் கனம், ஒரு துண்டு புத்தகக் கனம். முதல் கறி துப்பாக்கி செய்தவருக்குத்தான் என்றார்.

பிறகு துப்பாக்கியை மேசைமேல் வைத்துத் திருப்பினார்.

"பேரு எங்க?"

வெர்னா கறிப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுல போட மனசு வரலைங்க. இது நான் கெடுத்த துப்பாக்கி."

"கெடுத்ததா? விழுந்து கிடந்த ஆளை எழுப்பி மலையேத்தியிருக்கு இது. உனக்கு நன்றி சொல்லணும்னு இவ காலையிலிருந்து எனக்குப் பாடம் நடத்தினா. எனக்குச் சொல்லத் தெரியாது. கத்தத்தான் தெரியும். இங்க கத்தினா கேக்க யாரு இருக்கா? பேரைக் குத்து."

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும் ஓரின். அன்னைக்கு நீங்க கத்தலைன்னா இந்தப் பட்டறையே இல்லை."

"அப்ப ரெண்டு பேருக்கும் கணக்கு சரியாப் போச்சு. குத்து."

அச்சுப் பெட்டியைத் திறந்தாள். சுத்தியல் அடிக்கும்போது குழல் உருளாமல் யாராவது பிடிக்க வேண்டும். லவோன் முன்னால் வந்தாள். ஓரின் தோளால் அவளைத் தடுத்தார். தன் வலது கையை இடது கையால் எடுத்துக் குழலின்மேல் வைத்து, உடம்பின் பாரத்தை அதில் இறக்கினார்.

வெர்னா முதல் எழுத்தை எடுத்து வைத்தாள்.

"கை அங்கதான் இருக்கா?" என்று ஓரின் கேட்டார்.

"இருக்கு," என்று சொல்லி, சுத்தியலை ஓங்கினாள்.