சந்தேகம்னா நிறுத்து

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாம் மாடிக் கூடத்தில் பேச்சு அடங்கிவிடும். வரிசை வரிசையாகத் திரைகள், ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் குனிந்த ஒரு முதுகு. ஏசியின் குளிருக்குச் சிலர் சால்வை போர்த்தியிருப்பார்கள், சிலர் ஸ்வெட்டர். ஒருத்தர் மட்டும் மகனுடைய பழைய பள்ளிக்கூடக் கோட்டைத் தோளில் போட்டிருப்பார். நாடுவிட்டு நாடு போகிற பணம் ஏதாவது ஒரு வங்கியின் கணினிக்குப் பிடிக்காமல் போனால், அது நேரே இந்தக் கூடத்துக்குத்தான் வரும். அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், எதற்காக என்று பார்க்க வேண்டும். சரியென்றால் பச்சைப் பொத்தான், சந்தேகமென்றால் சிவப்பு. பச்சையை அழுத்தினால் ஏன் விட்டேன் என்று ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்பை அழுத்தினால் ஒன்றும் எழுத வேண்டாம்.

அந்தக் கூடத்தில் வடிகட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிறவளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஆள் கிடையாது. முன்பு தையல் ஆலையில் சட்டைகளைப் புரட்டிப் போட்டுப் பிசிறும் விட்ட தையலும் பார்த்துக்கொண்டிருந்தவள். ஆலையை மூடியபிறகு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் கணினி படித்து, இங்கே வந்து சேர்ந்தாள். சட்டையானால் என்ன, பணமானால் என்ன, ஓட்டை எங்கே இருக்கிறதென்று அவள் கண் போய் நின்றுவிடும். தன் கண்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. அது வெறும் வாய்ப்பந்தலும் இல்லை. போலி மருந்து விற்கிற கும்பலின் பணத்தைப் பிடித்துக் கொடுத்தது அவள்தான்.

வடிகட்டி என்று பேர் வைத்தது கீழ்த்தளத்தில் கேண்டீன் நடத்துகிற அம்மா. "நான் டீயை வடிகட்டறேன், நீ காசை வடிகட்டற. ரெண்டு பேருக்கும் கை வலிதான் மிச்சம்" என்று ஒருநாள் சொல்லப்போக, பேர் லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடி முழுக்கப் பரவிவிட்டது. வடிகட்டிக்கும் அது பிடித்திருந்தது.

போன வருஷம் வெளிநாட்டுக் கண்காணிப்பு ஆணையம் ஒன்று, விடக்கூடாத பணத்தை விட்டுவிட்டீர்கள் என்று இந்தக் கூடத்தை நடத்துகிற வங்கியின் தலைமையகத்துக்குப் பெரிய அபராதம் போட்டது. அதற்குப் பிறகு கூடத்தின் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகத்தை ஒட்டினார்கள்: சந்தேகம் என்றால் நிறுத்து. அன்றிலிருந்து ஒரு வழக்கமும் தானாக வந்துவிட்டது. வேலை முடிகிற நேரத்தில் திரையில் மிச்சமிருப்பதை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. வரிசையாகச் சிவப்பை அழுத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அதற்குக் 'கடையைக் கட்டுறது' என்று பேர். பள்ளிக்கூட வேனை விடக்கூடாதே என்கிற அவசரத்தில் வடிகட்டியும் தினமும் கடையைக் கட்டினாள். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

அன்றைக்கு டீ குடிக்கக் கீழே இறங்கியபோது, கேண்டீனில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. கேண்டீன் அம்மா பக்கத்தில்தான் நின்றார், கையில் போனைப் பிடித்தபடி. அடுப்பை அணைத்தது வடிகட்டிதான்.

"என்னக்கா, பால் பொங்கறதுகூடத் தெரியாம அப்படி யாருகிட்ட பேச்சு?"

"பேங்க்ல பேசிப்பேசி வாயே வலிக்குது. பையன் பணம் அனுப்பி ரெண்டு வாரமாச்சு. எங்கியோ நிக்குதாம். எங்கன்னு கேட்டா மேலிடத்துலங்கறான். எந்த மேலிடம்னு கேட்டா போனை வச்சிடறான்."

விஷயம் சின்னதில்லை. கட்டிட நிர்வாகம் கேண்டீன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முன்பணத்தை இரட்டிப்பாக்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். வெளிநாட்டில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிற மகன், தன் சம்பளத்தோடு கூட இருக்கிறவர்களிடமும் வாங்கிச் சேர்த்து மொத்தமாக அனுப்பியிருந்தான். அந்த அடுப்படியை நம்பித்தான் கேண்டீன் அம்மாவும், பாத்திரம் கழுவுகிற அவர் தங்கையும், தங்கையின் இரண்டு பெண்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ரசீது நம்பரைக் குடுங்க" என்றாள் வடிகட்டி. "மேலிடமாவது கீழிடமாவது. எங்க மாட்டியிருக்குன்னு பாத்து, எவன் பிடிச்சு வச்சிருக்கானோ அவன் காதைத் திருகிக் கூட்டிட்டு வரேன். நீங்க மொதல்ல பாலை வைங்க."

தெரிந்தவர்களின் பணத்தைத் திறந்து பார்க்கக்கூடாது என்பது கூடத்தின் விதி. பார்த்தது தெரிந்தால் வேலை போகும். வடிகட்டிக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தும் நாற்காலியில் உட்கார்ந்ததும் நம்பரை அடித்தாள்.

பணம் எந்த நாட்டிலும் நிற்கவில்லை. இந்தக் கூடத்தில்தான் நின்றது. வழக்கத்தைவிடப் பெரிய தொகை என்று கணினி முகம் சுளித்திருக்கிறது, யாரோ சிவப்பை அழுத்தியிருக்கிறார்கள். நேரத்தைப் பார்த்தாள்; வேலை முடிகிற நேரம். பணியாளர் எண்ணைப் பார்த்தாள். அவளுடைய எண்.

காது மடல் சுட்டது. திறந்து, ஒரு வரி படித்திருந்தாலும் போதும், வாங்குகிறவரின் முகவரியில் இந்தக் கட்டிடத்தின் பேரே இருந்தது. அதைக்கூடப் படிக்காமல் பையைத் தோளில் மாட்டியிருக்கிறாள். அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் நொந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை அவள். நான் போட்ட முடிச்சு, நானே அவிழ்க்கிறேன் என்று நேரே மேலாளரின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார், எழுந்து கதவைச் சாத்தினார்.

"நிறுத்தினவங்களே விடமுடியாதும்மா. அது தலைமையகத்துக்குப் போகணும். அங்க வரிசையில நிக்கணும்."

"சார், தப்பு என்னுது. நான் பாக்காம அழுத்தினேன். அப்படியே எழுதித் தரேன்."

"என்ன எழுதுவீங்க? தெரிஞ்சவங்க பணத்தைத் திறந்து பாத்தேன்னா? அடுத்த நிமிஷம் உங்க கார்டைப் பிடுங்கிடுவாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "நல்லா யோசிங்க. விட்டதுக்கு நமக்கு அபராதம் போட்டாங்க. நிறுத்தினதுக்கு இதுவரைக்கும் யாருக்காவது போட்டிருக்காங்களா? எந்த ஆணையமும் ஏன் நிறுத்தினேன்னு கேக்காது."

"நான் கேக்கறேன் சார். என்னையே கேக்கறேன்."

"உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"அந்தம்மாவுக்கும் வீட்ல நாலு வாய் இருக்கு. கை தெரியாம பட்டுதுன்னா பரவாயில்லை, நான் பழக்கத்துல அழுத்தினேன். வேலை போனா போகட்டும். பிசிறு பாக்க ஆளு வேணும்னு எங்கயாவது கேப்பாங்க."

அவள் எழுதினாள். எதையும் மறைக்கவில்லை. மேலாளர் இரண்டு முறை படித்து, பெருமூச்சு விட்டு, தலைமையகத்துக்கு அனுப்பிவைத்தார்.

கீழே போய்ச் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கேண்டீன் அம்மா கடைசி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "காதைத் திருகிட்டியா?" என்று கேட்டார்.

"அக்கா, நிறுத்தினது நான்தான்."

கேண்டீன் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னதும் புரிந்தது. ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று வடிகட்டி எதிர்பார்த்தாள்; திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"ஏம்மா, தினமும் என் கையால டீ குடிக்கிற. சந்தேகமாயிருந்தா லிஃப்ட்ல இறங்கி வந்து, இது உங்க பையன்தானான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

வடிகட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துத் தரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அதை முழுசாக நம்பினாள்.

மறுநாள் தலைமையகத்திலிருந்து கேள்விகள் வந்தன. அனுப்பியவர் வாங்குபவருக்கு மகன் என்பதற்கு என்ன ஆதாரம்? மகனுக்கு இவ்வளவு சம்பளம் எப்படி? கூட வேலை செய்கிறவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள்? அவர்கள் யார் யார்? வாங்குபவர் இந்தப் பணத்தை வைத்து என்ன செய்யப் போகிறார்? வடிகட்டி மதியம் சாப்பிடாமல் கேண்டீன் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேகரித்தாள். பிறப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தார்கள். மகன் பட்டறையிலிருந்து போனில் படங்களாக அனுப்பித் தள்ளினான். தலையில் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கூட்டாளிகளை வரிசையாக நிற்கவைத்து ஒரு படமும் எடுத்து அனுப்பியிருந்தான்.

"இதைப் பாத்தா கொள்ளைக்கூட்டம்னே முடிவு பண்ணிடுவான்" என்று கேண்டீன் அம்மா சிரித்தார். சிரித்து முடித்ததும், "பிள்ளையைப் பெத்ததுக்கு அத்தாட்சி கேட்டது என் மாமியாருக்கப்புறம் இவங்கதான்" என்றார். தங்கை பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வேலை நடக்கிறது, காகிதம் போகிறது, ஆகாமல் எங்கே போகும் என்று மூன்று பேருக்குமே தெம்பாக இருந்தது.

வியாழக்கிழமை இன்னொரு கேள்வி வந்தது. மகனின் முகவரிச் சான்று தேவை. அவன் தங்கியிருந்தது பட்டறைக்காரர்கள் கொடுத்த தகரக் கொட்டகை. அதற்குக் கதவு எண்ணே கிடையாது. பட்டறை அதிகாரியிடம் கடிதம் வாங்கி அனுப்பினான். வெள்ளிக்கிழமை காலையில் அது தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அன்றைக்கு விடுமுறை.

வடிகட்டி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு கட்டிட நிர்வாக அலுவலகத்துக்கே போனாள். அதை ஈடாக வைத்துக்கொண்டு திங்கட்கிழமைவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். அங்கிருந்தவன் மரியாதையாகத்தான் பேசினான். வேறு கம்பெனி தயாராக இருக்கிறது, அவர்கள் அடுப்புகூடக் கேட்கவில்லை, மெஷின்களை வைத்துக்கொள்வார்கள் என்றான்.

சனிக்கிழமை கேண்டீன் அம்மாவும் தங்கையும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார்கள். வடிகட்டி லீவு போட்டுவிட்டு வந்து பெரிய பாய்லரின் ஒரு பக்கம் பிடித்தாள். வேனில் ஏற்றிய பிறகு கேண்டீன் அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். "நீ ஓடினதை நான் பாத்தேன். ஆனா அடுத்தவங்களுக்காவது பாத்து அழுத்து" என்றார். வடிகட்டி தலையாட்டினாள். அன்றிலிருந்து அவள் கடையைக் கட்டவில்லை. பள்ளிக்கூட வேன் போனால் போகட்டும் என்று கடைசி வரி வரைக்கும் படித்தாள், பச்சைக்குப் பத்தி பத்தியாக எழுதினாள்.

தலைமையகம் அந்தப் பணத்தை விடவில்லை, நிறுத்தியும் வைக்கவில்லை. தாமதத்தின் காரணமாக என்று சொல்லி, சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மகனுக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அவள் எழுதிக் கொடுத்த விளக்கத்துக்கும் பதில் வந்தது. வேலை போகப் போகிறதென்று மேஜைச் சாமான்களைக்கூட அவள் பையில் எடுத்து வைத்திருந்தாள். மேலாளர் சிரித்த முகமாக வந்தார்.

"உங்க கணக்கை மொத்தமா எடுத்துப் பாத்திருக்காங்க. இந்தக் கிளையிலயே அதிகமா நிறுத்தினது நீங்கதானாம். விதி மீறினதுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். உங்களை மேல, பெரிய கணக்குகள் பிரிவுக்குப் போடச் சொல்லிட்டாங்க. சம்பளமும் கூடுதல்."

வடிகட்டி வேண்டாமென்று சொல்லவில்லை. பெரிய இடத்தில் உட்கார்ந்தால் பெரிய ஓட்டைகளைப் பிடிக்கலாம் என்று நினைத்தாள். அவள் கண்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை குறையவில்லை.

ஐந்தாம் மாடியில் தரையெல்லாம் கம்பளம். திரை பெரிது, நாற்காலி சாய்கிற நாற்காலி. மேலாளரே கூட வந்து உட்காரவைத்தார். கீழே மெஷினில் பிடித்து வந்த காப்பிக் கோப்பையை அவள் பக்கத்தில் வைத்தாள்; அதில் கேண்டீன் எடுத்த கம்பெனியின் பேர் பச்சை எழுத்தில் அச்சாகியிருந்தது. திரையில் முதல் வரி வந்தது. அதே கம்பெனி. கட்டிட நிர்வாகத்துக்குக் கேண்டீன் முன்பணம், ஏதோ ஒரு தீவிலிருக்கிற தாய்க் கம்பெனியிடமிருந்து. அவள் கண் வழக்கம்போல ஓட்டையில் போய் நின்றது.

"சார், உரிமையாளர் பேர் இருக்கற கட்டம் காலியா இருக்கே?"

"அது அந்த ஊர்ச் சட்டம்மா. சொல்லத் தேவையில்லை."

"யாரு பணம்னு தெரியாம எப்படி சார்? அட்ரஸும் வெறும் தபால்பெட்டி நம்பர்."

"நம்பிக்கையான வாடிக்கையாளர் பட்டியல்ல இருக்காங்க. பணம் போயாச்சு. நாம பாத்ததுக்கு ஒரு பதிவு வேணும், ஆணையம் கேக்கும். அதுக்குத்தான் நீங்க."

அவள் விரல் பழகிய பக்கம் நகர்ந்தது. சிவப்புப் பொத்தான் அங்கே இல்லை. பச்சையும் இல்லை. திரையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அதில் 'பார்த்தேன்' என்று எழுதியிருந்தது.

"அதை அழுத்துங்கம்மா. அழுத்தினாத்தான் அடுத்தது வரும்."