முதல் பெயர், கடைசிப் பெயர்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த கையோடு லூர்துசெல்வி போனைத் திறந்தாள். அவளுடைய மென்பொருளில் பிழை இருப்பதாக யாரோ எழுதியிருந்தார்கள். அது பழகிப்போன சங்கதி. பங்கு விலையோ பருப்பு விலையோ, அதன் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சின்ன மென்பொருள் அது. எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்த 2007இல் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம் என்று இணையத்தில் இலவசமாக வைத்தாள். குறை சொல்ல உலகமெல்லாம் ஆள் இருந்தது. திருத்த அவள் ஒருத்திதான்.

இந்த முறை வந்த பிழை கணக்கில் இல்லை. 'ஆசிரியர் பெயர் தவறாக உள்ளது. திருத்தவும்.' எழுதியவன் அவளோடு கல்லூரியில் வேலை பார்க்கும் சேரன். காலையில்தான் துறை அறையில் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தான்.

"இன்னா மேடம், நீங்க எழுதுனதுன்னு சொல்றீங்க, ஆத்தர் யாரோ அடைக்கலராஜ்னு கீது?"

"எங்க அப்பா பேரு சார்."

"இன்டர்வியூல இத காட்டுனா எவன் ஒத்துப்பான்? உங்க அப்பாவுக்கில்ல பர்மனென்ட் போஸ்ட்டு குடுப்பாங்க. நானே ஒரு கம்ப்ளைன்ட் போட்டு உடுறேன், ஜல்தியா மாத்துங்க."

சொன்னபடியே போட்டுவிட்டான். நல்ல மனதோடுதான் செய்தான். வருஷக்கணக்காகத் தற்காலிக விரிவுரையாளராகக் காலம் தள்ளும் அவளுக்கு நிரந்தர வேலைக்கு வந்திருக்கும் இந்த நேர்காணல் கைநழுவினால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. எடுத்துக்காட்ட அவளிடம் இருப்பதும் இந்த ஒரு மென்பொருள்தான்.

பெயர் தப்பாய்ப் போன கதை இவ்வளவுதான். பதிவு செய்யும்போது முதல் பெயருக்கு ஒரு கட்டமும் கடைசிப் பெயருக்கு ஒரு கட்டமும் இருந்தன. அவள் சான்றிதழில் அ. லூர்துசெல்வி. இனிஷியல் முன்னால் வருகிறதே என்று முதல் கட்டத்தில் அடைக்கலராஜ், அடுத்ததில் லூர்துசெல்வி. நம் ஊரில் யார் நிரப்பினாலும் அப்படித்தான் நிரப்பியிருப்பார்கள். அன்று முதல் ஜெர்மனிக்காரனும் பிரேசில்காரியும் 'அன்புள்ள அடைக்கலராஜ்' என்று எழுத ஆரம்பித்தார்கள். முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு மாற்றச் சோம்பலாக இருந்தது.

அடைக்கலராஜ் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். மகள் லீவு நாளிலும் கம்ப்யூட்டர் முன்னால் கிடப்பது அவருக்குப் புரியவில்லை. "லாரிக்காரன் டயர கழட்டி மாட்டுனா டீயாவது வாங்கித் தர்றான். நீ இன்னாடான்னா ஊரு உலகத்துக்கெல்லாம் ஓசியில பஞ்சர் ஒட்டிக்கினு கீற" என்பார். அவர் கேலியில் பெருமை கலந்திருக்குமோ என்று அவள் அப்போது யோசித்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் பெரிய சிக்கல் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மார்க்கெட் லீவு விட்ட நாளில் விலை இருக்காது. அவள் மென்பொருளோ அதை விலை பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, சந்தையே கவிழ்ந்துவிட்டதைப் போலக் கணக்குக் காட்டியது. இல்லாததும் பூஜ்யமும் ஒன்றல்ல என்று அதற்குப் புரியவைக்க அவளுக்கு நாக்குத் தள்ளியது.

அடைக்கலராஜ் திரையில் ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"ஏம்மா, எம்பேரு மாதிரி கீதே?"

"அது ஒண்ணும் இல்லப்பா. தப்பா வந்துடுச்சி. எடுக்கணும்."

"தப்பா வந்துடுச்சா?" என்று சிரித்தார். "செரி, எடுத்துடும்மா. உனக்கு பேஜாரு ஆயிடப் போவுது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் பிழை சரியாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது.

அதற்குப் பிறகு அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதே இல்லை. 2012 தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்குப் போய்விட்டு வந்து படுத்தவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது யார் எழுதியது, இவன் எந்த ஊர்க்காரன், உங்கள் பேரைச் சொல்லி எதற்கு நன்றி சொல்கிறான் என்று படித்துக் காட்ட ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தை அவள் கொடுக்கவில்லை.

திண்டிவனத்தில் வீடு வந்து சேர்ந்தபோது அம்மா இருதயமேரி கூடத்தில் முறத்தில் மல்லாட்டையைக் குவித்து, ஒவ்வொரு கடலையாக உரித்துக்கொண்டிருந்தார். லூர்துசெல்வி முகம் கழுவிக்கொண்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திருத்துவதற்கு ஒரே வரிதான். அடைக்கலராஜ் என்பதை அழித்தாள். அந்த இடத்தில் தன் பெயரை அடித்து, பின்னால் அப்பாவுக்கு ஓர் எழுத்தை மட்டும் விட்டாள். சேமிக்கும் முன் என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று கேட்டு ஒரு கட்டம் திறந்தது. எப்போதும் வழக்கம் அதுதான், காரணம் எழுதாமல் எதையும் மாற்ற முடியாது. 'தவறாக வந்த பெயர்' என்று அடித்தாள். அழித்தாள். வேறு மாதிரி எழுதிப் பார்த்தாள். எப்படி எழுதினாலும் தப்பு என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதையும் அழித்தாள்.

அந்த நேரம் பார்த்து மெயில் ஒன்று வந்து விழுந்தது. போலந்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி. 'அன்புள்ள அடைக்கலராஜ் அவர்களுக்கு.'

"யாருடி?" என்றார் இருதயமேரி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"அப்பாவுக்கு மெயிலு வந்துருக்கும்மா."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அவுருக்கா? யாரு?"

"போலந்துன்னு ஒரு ஊரு. பரிட்ச பாஸ் பண்ணிட்டாளாம். நீங்க இல்லன்னா முடிஞ்சிருக்காதுன்னு எழுதிக்கிறா."

இருதயமேரி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ்ளோ தூரத்துலருந்து எழுதிக்கிது பாரு. அவுரு இல்லன்னு மட்டும் போட்டுடாத, பாவம், அந்தப் பொண்ணு பயந்துக்கப் போவுது."

முறத்தில் மறுபடியும் மல்லாட்டை உடையும் சத்தம் கேட்டது. திரையில் காரணம் கேட்ட கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அதற்குள் சின்னக் கோடு ஒன்று மறைந்து மறைந்து வந்துகொண்டிருந்தது.