யாருக்கு வைத்த பெயர்

எங்கள் ஊரான டங்கம்வுராவில் பக்கத்து வீட்டுக்காரரை முகத்துக்கு நேரே திட்டுவது அநாகரிகம். அதற்காகத்தான் நாய் வளர்க்கிறோம். சொல்ல நினைப்பதை நாய்க்குப் பெயராக வைத்துவிட்டு, காலையும் மாலையும் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டால் போதும், விழ வேண்டிய காதில் விழுந்துவிடும். யாராவது சண்டைக்கு வந்தால், என் நாயை நான் கூப்பிடுகிறேன், உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டுக்கொள்ளலாம்.

கத்பர்ட் தன் செவலைக் குட்டிக்கு முச்சனேத்தா என்று பெயர் வைத்தபோது தெருவுக்கே புரிந்தது. எங்கள் மொழியில் 'களைத்துப்போவீர்கள்' என்று அர்த்தம். வேலிச்செடிக்கு அந்தப் பக்கம் அவனுடைய அக்கா எஸ்னாத் இருந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் கத்பர்ட்டின் மனைவி மாய்தேயிக்குக் குழந்தை இல்லை. அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொள் என்று எஸ்னாத் தம்பியை அரித்துக்கொண்டே இருந்தாள். கத்பர்ட் வாயில்லாப் பூச்சி. அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ரயில்வே வேலை முடிந்து வந்ததும் வேலியோரம் நின்று நாயைக் கூப்பிடுவான், அவ்வளவுதான். நாய் அவன் காலடியிலேயே படுத்திருந்தாலும் கூப்பிடுவான். பெயர் யாருக்கு என்று மாய்தேயியிடமும் அவன் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொல்வதாயிருந்தால் பிறகு நாய் எதற்கு?

எஸ்னாத் சும்மா இருப்பாளா? கொஞ்ச நாளிலேயே எங்கிருந்தோ ஒரு கறுப்புக் குட்டியைக் கொண்டுவந்தாள். அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது. அதன் பெயர் திச்சவோனா, அதாவது 'பார்ப்போம்.' அப்புறம் சாயங்காலம் ஆனால் போதும், இந்த வாசலிலிருந்து 'களைத்துப்போவீர்கள்', அந்த வாசலிலிருந்து 'பார்ப்போம்' என்று ஒரே கச்சேரி. தெருக்காரர்களுக்கு ரேடியோ தேவைப்படவில்லை. எஸ்னாத் மட்டும் தம்பி நாயின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, 'அந்தச் செவலை' என்பாள். பெயரைச் சொன்னால் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

பிறகு கத்பர்ட் வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்து, அப்படியே செத்துப்போனான். அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் வந்து அவனுடைய சட்டை, கோட்டு, செருப்பு எல்லாவற்றையும் முறைப்படி பங்கு போட்டுக்கொண்டார்கள். நாயை யாரும் கேட்கவில்லை. மாய்தேயிக்குப் பரிந்து இந்த உலகத்தில் யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால், அது அந்த நாயின் பெயர்தான். அவள் அதைத் தினமும் வாசலில் நின்று கூப்பிட்டாள். கூப்பிடும்போது கத்பர்ட் இன்னும் வேலியோரம் நின்று தனக்காகப் பேசுவது மாதிரி இருந்தது.

அந்த நாய்க்குத்தான் நோய் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு நாய் சுருண்டு படுத்தால் உண்ணிக் காய்ச்சல் என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். மாய்தேயியும் அப்படித்தான் நினைத்தாள். காது மடலிலும் கால் இடுக்கிலும் உண்ணி பொறுக்கினாள், மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினாள், கால்நடை ஆபீஸ்காரரைக் கூப்பிட்டு உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசியும் போட வைத்தாள். தெருவில் எல்லோரும் சரியென்றார்கள். நாய் மட்டும் சரியாகவில்லை. கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம் போயிற்று. கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

மண் அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் சாக்கை விரித்து, நாயைப் படுக்கவைத்து, கடைத்தெருவிலிருந்த கால்நடை டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள். "மாய்தேயி, கறி என்ன விலை?" என்று பீர்க்கடை வாசலில் ஒருவன் கேட்டான். மற்ற நாளாக இருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பாள். அன்றைக்குக் கேட்காதவள் மாதிரி போனாள்.

டாக்டர் நியகாட்டோ சின்ன வயசுக்காரி. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, உப்புத் தண்ணீர் கலந்து ஆட்டிக் காட்டினாள். தண்ணீர் சேர்ந்தும் ரத்தம் கரையவில்லை. மணல் மாதிரி குருணை குருணையாக ஒட்டிக்கொண்டு நின்றது. உண்ணிக் காய்ச்சலின் கிருமி இதில் இல்லை என்றாள். காவலுக்கு உடம்பில் இருக்கிற சக்திதான் தன் சொந்த ரத்தத்தையே திருடன் என்று நினைத்து அழிக்கிறது, ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது என்றாள். அந்தக் காவலை அடக்கிவைக்க மாத்திரை கொடுத்தாள். வெகுநாள் கொடுக்க வேண்டும், சரியான மாதிரி இருந்து திரும்பவும் வரும், சில நாய்கள் தப்புவதில்லை என்றாள். மறைக்காமல் சொன்னாள். மாய்தேயி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். யார் வீட்டு நாயைப் பற்றியோ பேசுகிற மாதிரி இருந்தது.

முதலில் பயம் இருந்தது. பிறகு அது எங்கேயோ போய்விட்டது. போன இடம் தெரியவில்லை, அவளும் தேடவில்லை. எழுந்ததும் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பாள். களி உருண்டைக்குள் மாத்திரையைப் புதைத்து ஊட்டுவாள். மாத்திரை நாய்க்குப் பேய்ப்பசியைக் கொடுத்தது. களியை விழுங்கிவிட்டு, கருவாட்டுத் தலையை விழுங்கிவிட்டு, அதைச் சுற்றியிருந்த காகிதத்தையும் விழுங்கும். வாளி வாளியாகத் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே பெய்யும். அவள் துடைப்பாள். பின்னல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூட ஸ்வெட்டர் பின்னுவாள். எழுந்து மறுபடி துடைப்பாள். அலுப்பும் இல்லை, அருவருப்பும் இல்லை. சாயங்காலம் வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. நாய் எழுந்து வரமுடியாமல் வாலை ஆட்டும்.

ஒருநாள் காலை ஈறு மறுபடி வெளுத்திருந்தது. மாத்திரை வேலை செய்ய இன்னும் நாளாகும், அதுவரை தாக்குப்பிடிக்க வேறு நாயின் ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்றாள் டாக்டர். பெரிய நாயாக, நோயில்லாத நாயாக வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றாள். டங்கம்வுராவில் பெரிய நாய், நோயில்லாத நாய் என்றால் யாருடையது என்று மாய்தேயிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கணவனின் அக்காவை நாங்கள் வதேத்தே என்போம். அவளுக்குத் தம்பி மனைவி மருமகள் முறை. மருமகள் என்றால் மண்டியிட்டுக் கை குவித்துத் தட்டி வணங்கிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். எஸ்னாத்தின் முற்றத்தில் மாய்தேயி மண்டியிட்டாள், தட்டினாள், விஷயத்தைச் சொன்னாள். அவமானமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனாள். அதுவும் வரவில்லை.

சந்தைக்குக் கொண்டுபோகத் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த எஸ்னாத் நிமிராமலே கேட்டாள். "அந்தச் செவலைக்கு என் நாய் ரத்தமா?"

"ஆமா, வதேத்தே."

"அதுக்கு என்ன நோயாம்?"

தன் ரத்தத்தையே தன் உடம்பு அழிக்கிற நோய் என்று மாய்தேயி சொன்னாள்.

"சொந்த ரத்தத்தையேவா?" எஸ்னாத் ஒரு அழுகல் தக்காளியைத் தூக்கி எறிந்தாள். "அப்போ நம்ம குடும்ப நாய்தான், சந்தேகமே இல்ல."

எழுந்து, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "திச்சவோனா" என்றாள். பார்ப்போம் என்று சொன்னாளா, நாயைக் கூப்பிட்டாளா தெரியவில்லை. நாய் எழுந்து வந்தது.

மாய்தேயி வண்டியைத் தள்ள, பின்னால் எஸ்னாத் கறுப்பனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வர, கடைத்தெரு முழுக்க வாயைப் பிளந்தது. பீர்க்கடை வாசலில் நின்றவனுக்குக்கூடக் கிண்டல் தோன்றவில்லை.

டாக்டர் இரண்டு ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்துச் சரியென்றாள். பிறகு பெயர்களைக் கேட்டாள். சொன்னதும் சிரித்துவிட்டாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே. "யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்று கேட்டாள்.

எஸ்னாத் தன் நாயின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அதன் கழுத்திலிருந்து பைக்குள் ரத்தம் இறங்கியது. பின்பு அந்தப் பையைக் கம்பியில் தொங்கவிட்டு, செவலையின் காலில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக ஏற்றிவிட்டு டாக்டர் வெளியே போனாள். இரண்டு பெண்களும் இரண்டு நாய்களும் மிச்சம்.

"அந்தப் பொண்ணு கேட்டதுக்கு மனசுக்குள்ள என்ன பதில் சொன்னே?" என்றாள் எஸ்னாத். "அந்தப் பேரு எனக்கு வெச்சதுன்னுதானே?"

"ஆமா, வதேத்தே."

"உனக்கு வெச்சதுடி. ஜெபக் கூட்டத்துக்கு வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு, கொழந்தை வேணும்னு ஒவ்வொரு தீர்க்கதரிசி காலா விழுந்துகிட்டிருந்தியே. அவன் என் வீட்டுப் படியில உக்காந்து அழுதான். களைச்சுப்போய் ஒருநாள் தானே நிறுத்திடுவா அக்கான்னான். மறுவாரம் குட்டியைக் கொண்டாந்தான்."

மாய்தேயி சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குன்னா 'களைச்சுப்போவே'ன்னு வெச்சிருப்பாரு. இது 'போவீங்க' ஆச்சே. மரியாதைப் பேரு."

"நீயும் உன் தீர்க்கதரிசிங்களும் சேர்ந்தா எத்தனை பேரு? பன்மையிலதான் வரும்."

அது பொய்யா, உண்மையா, சண்டைக்கு ஒரு சாமர்த்தியப் பேச்சா என்று கண்டுபிடிக்க வழியில்லை. சொல்ல வேண்டியவன் மண்ணுக்குள் இருக்கிறான். மாய்தேயி தனக்குள் கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. இத்தனை வருஷமாக வாசலில் நின்று தன்னையேதான் ஏசிக்கொண்டிருந்தோமோ என்று மட்டும் தோன்றியது. அந்த நினைப்பும் மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுகிற மாதிரிதான் இருந்தது.

புது ரத்தத்தில் நாய் எழுந்து நின்றது. ஈறு சிவந்தது, வாசல்வரைக்கும் நடந்தது. மாய்தேயி மாத்திரை கொடுத்தாள், துடைத்தாள், ஸ்வெட்டர் பின்னினாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள், தட்டைத் தட்டிக் கூப்பிட்டாள். இப்போது அது வெறும் நாய். வெறும் நாய்க்கும் மாத்திரை கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வேலிக்கு அந்தப் பக்கம் சாயங்காலம் 'பார்ப்போம்' என்ற குரல் கேட்கும். இந்தப் பக்கத்திலிருந்து பதில் இருக்காது. கொஞ்ச நாளில் அந்தக் குரலும் குறைந்துபோனது.

நன்றாக இருக்கிறது என்று நினைத்திருந்த ஒரு காலையில் நாய் மூச்சு வாங்கியது. வண்டியில் சாக்கை விரிப்பதற்குள் முடிந்துவிட்டது. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கும், இந்த நோயில் அப்படித்தான் பல நாய்கள் போய்விடுகின்றன, நீங்கள் செய்ததில் குறையில்லை என்று பிறகு டாக்டர் சொன்னாள். மாய்தேயி அதற்கும் தலையாட்டினாள். வேலியோரம் குழி தோண்டத் தொடங்கியபோது எஸ்னாத் மண்வெட்டியோடு வந்தாள், மற்ற பாதியைத் தோண்டினாள், போனாள். மாய்தேயி கை கழுவிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். கத்பர்ட் செத்தபோதும் அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அப்போதே சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். பேய்ப்பசி நாய்க்குச் சமைத்துச் சமைத்துப் பழகிய கை, அன்றைக்கும் களியைக் கூடுதலாகக் கிண்டிவிட்டது. அவள் மிச்சத்தைத் தட்டில் போட்டுக் கருவாட்டுத் தலையை மேலே வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நினைப்பு எங்கேயோ இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"முச்சனேத்தா!"

கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. எதிர்வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"களைச்சுட்டேன், மருமகளே" என்றாள் எஸ்னாத்.

மாய்தேயி தட்டோடு நின்றாள்.

"காதுல விழுந்துச்சா? எப்பவோ களைச்சுட்டேன். எனக்குத்தான் வெச்சான் அந்தப் பேரை."

"விழுந்துச்சு, வதேத்தே" என்றாள் மாய்தேயி. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து, தெருவெல்லாம் கேட்கும்படி அழுதாள்.