பாக்குச் சாறு

கேதீஸ்வரி புருசனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, தம்பி திவாகரன் குனிந்து காதுக்குள் கேட்டான்: “அக்கா, மச்சானுக்குப் புழு விழுந்ததா?”

இழுத்த இழுப்பில் துணி அறுந்தது. அவள் வேறு துணி கிழித்தாள்.

திவாகரன் பல்கலைக்கழகத்தில் குடற்புழு ஆராய்ச்சிக்காரன். ஓட்டமாவடிக் கடைகளில் கோழிக்குடல் வாங்கி, நாடாப்புழுக்களை உருவிக் கண்ணாடித் தட்டில் போட்டு, மாதுளை வேர், வாய்விடங்கம், பாக்கு என்று ஒவ்வொரு சாறாக ஊற்றிப் பார்ப்பான். பாக்குச் சாற்றில்தான் புழுக்கள் சுருண்டன. அந்தப் பெருமையைக் கேட்காத காது ஊரில் இல்லை. கேட்டபின் சோறு இறங்கிய தொண்டையும் இல்லை.

கேதீஸ்வரியின் புருசன் நல்லரத்தினம் கல்குடாவில் சுனாமி வந்த அன்று தென்னையில் ஏறித் தப்பியவர். வெல்லாவெளியில் ஷெல்லுக்கும் தப்பியவர். இடம்பெயர்ந்து காட்டோரம் கிடந்தபோது அரைவேக்காடாகத் தின்ற பன்றியிறைச்சியால் வயிற்றில் புழு. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியதும் ஆஸ்பத்திரிக் குளிசை எடுக்கப் புறப்பட்டவரைத் திவாகரன்தான் மறித்தான்.

“பாக்குத்தானே மச்சான். நாளும் சப்புறதுதானே. குடிங்க.”

வெற்றிலை வட்டாவும் கையுமாகத் திரிந்த மனிதர் அதற்குமேல் என்னத்தை யோசிப்பார்? ஒரு குவியல் பாக்கைச் சுண்டக் காய்ச்சிய சாறு அது என்று சொல்ல ஆளில்லை. வெறும் வயிற்றில் குடித்தார். வேர்வை, வாந்தி, வலிப்பு. ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்தது. “முந்தியும் இப்பிடி வலிப்பு வந்திரிக்கி டொக்டர்” என்று திவாகரன் முந்திக்கொண்டு பொய் சொன்னான்; சாற்றின் பேச்சே எழவில்லை.

“சுனாமில பயந்த பயம்கா. இப்பதான் வெளிய வந்திரிக்கி,” என்றாள் பக்கத்து வீட்டு அன்னப்பூரணி. இத்தனை வருசம் உள்ளே ஒளிந்திருந்த பயத்தை அவளால்தான் கண்டுபிடிக்க முடியும். “என்ன தம்பி, சரிதானே?”

“ஓம் மாமி,” என்றான் திவாகரன்.

கேதீஸ்வரி நிமிர்ந்தாள். “என்ன குடுத்த எண்டு சொல்லு. இந்தச் சனத்துக்கு முன்னால சொல்லு.”

“இப்ப வேணாம் அக்கா. எண்ட படிப்பே போயிரும்.”

“இவர் போயிட்டார்டா.”

அன்னப்பூரணி காதைத் தீட்டிக்கொண்டு அரையடி கிட்ட நகர்ந்தாள்.

வாய்க்கரிசி போட ஆண்கள் வரிசையாக வந்தார்கள். தன் முறை வந்ததும் திவாகரன் கை நிறைய அரிசியோடு குனிந்தான். கேதீஸ்வரி புருசனின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

“கைய எடுங்க அக்கா. ஆக்கள் பாக்கிறாங்க.”

“நீ இந்த வாய்க்குக் குடுத்தது போதும்.”

பறை அடித்தவர்கள் திரும்பிப் பார்த்து நிறுத்தினார்கள். திவாகரனின் விரல்கள் தளர்ந்தன. அரிசி அவள் புறங்கையில் விழுந்து, விரலிடுக்கில் கொஞ்சம் நின்று, மிச்சம் பாயில் சிந்தியது. அடுத்தவர் அரிசியோடு காத்து நின்றார். அவள் கையை எடுக்கவில்லை.