ஆகாயத்திலிருந்து எங்கள் மொட்டைமாடி

ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் வீடு தீப்பெட்டி அளவுக்குக் கிடக்கிறது, சுற்றிலும் சிவப்பு வட்டம், மொட்டைமாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி, கீழே மதிப்பிற்குரிய ஆழ்வாரப்பன் அவர்களுக்கு என்று அச்சடித்திருக்கிறது, அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று, வீட்டுத் தீர்வை மட்டும் இன்னும் அவர் பெயரில்தான், அந்தப் பெயரை எங்கோ பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டை வீட்டுத் தரகர்கள் அத்தனை பேரும் அவருக்குத் தபால் போடுகிறார்கள், உயிரோடிருந்தபோது கல்யாணப் பத்திரிகை தவிர எதுவும் வராத மனிதருக்கு இப்போது வருகிற தபாலைச் சுமக்கத் தபால்காரர் மாட்டுவண்டி கேட்டு மனுப் போட்டிருக்கிறார், பூர்வீக வீட்டைப் பராமரிக்கச் சிரமமா என்று ஒருவர், இந்த வயதில் மாடி ஏறினால் மூட்டு வலிக்குமே என்று இன்னொருவர், மூட்டே இல்லாதவரை இத்தனை பேர் விசாரிக்கிறார்களே என்று எனக்குப் புல்லரிக்கிறது, உரக்க வாசிக்கிறேன், அப்பா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடி கேட்கிறார், நான் நிறுத்தினால், மேல வாசிலே, என்கிறார்.

தங்கை வடிவு கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணுவாள், பேர மாத்துண்ணே, வித்துட்டு எங்கூட வந்து இரு, ஒத்தையில விழுந்து கெடந்தா யாரு பாப்பா, அவள் சொல்வது நியாயம்தான், ஆனால் பெயரை மாற்றினால் அப்பாவுக்குத் தபால் நின்றுபோகும், அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்த நாளில்தான் டை கட்டிய தரகர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார், ஆழ்வாரப்பன் ஐயா இருக்காங்களா சார், மாடியில இருக்காங்க, போய்ப் பாருங்க, என்று என் குறும்பு வாய் சொல்லிவிட்டது, அங்கே இருந்தது அப்பாவின் சாய்வுநாற்காலி, அதன்மேல் நான் துவைத்து விரித்த அவருடைய வேட்டி, இப்போது அவர் வேட்டிகளைத்தான் கட்டுகிறேன், தரகர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு படியடியில் நின்றேன், ஆள் இறங்கவில்லை, சிரிப்பு தானாக வற்றியது, தெருவில் கோழிகூடக் கூவவில்லை, கடைசியில் பூனைபோல இறங்கி வந்து, கண்ணசந்திருக்காங்க சார், எழுப்ப மனசு வரல, இன்னொரு நாள் வாரேன், என்று ரகசியம்போலச் சொல்லிப் போனார், ஓடி ஏறினேன், வேட்டி காற்றில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, தொட்டேன், சூடாக இருந்தது, வெயில் என்பீர்கள்.

சாயங்காலம் வடிவு, என்ன முடிவு பண்ணிருக்க, என்றாள், அப்பாட்ட கேட்டுச் சொல்லுதேன், என்றேன், ஏசப்போகிறாள் என்று காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்தேன், அவளோ, நல்லா இருக்காங்களாண்ணே, என்று சின்னப் பிள்ளைக் குரலில் கேட்டாள், பிறகு, அப்ப வீடு கெடக்கட்டும், திதிக்கு நானும் வாரேன்.

வந்தாள், இருவரும் மாடியில் நாற்காலிக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேல் ட்ரோன் ஒன்று வண்டுபோல ரீங்கரித்துப் போனது, அடுத்த வாரமே தபால், அதே சிவப்பு வட்டம், அதே தீப்பெட்டி வீடு, வெள்ளைப் புள்ளி நடுவில், ஒரு பக்கம் சூரியனுக்குச் சவால் விடும் என் வழுக்கை, மறுபக்கம் வடிவின் மஞ்சள் சேலை, கீழே அப்பா பெயர், மதிப்பிற்குரிய ஆழ்வாரப்பன் அவர்களுக்கு, என்று வாசித்து நிறுத்துகிறேன், மேல வாசிலே, என்கிறார்.